கவ்வாத்துக்காரன் வாங்கிய குரோஷே ஊசி

நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். புதிதாகப் பின்ன வரும் பிள்ளைகள் ஊசி வாங்கப் போகும்போது நான் செய்ததைச் செய்யாமல் இருந்தால் போதும். அதுக்கு மேலே என்னிடம் பெரிய படிப்பு ஒன்றும் இல்லை.

1. லேசான வேலை

தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற தோட்டத்தில் நான் கவ்வாத்து வெட்டினேன். தேயிலைச் செடி கைக்கு எட்டாத உயரம் போனால் அதைக் கத்தியால் வெட்டி இறக்க வேண்டும். அதுதான் கவ்வாத்து. ஆம்பிளை வேலை என்று பெயர். எனக்கும் அந்தப் பெயரில் கொஞ்சம் மப்பு இருந்தது.

ஒரு மழை நாளில் கானுக்குள் கால் போய் விழுந்தேன். கான் என்றால் மலையில் தண்ணி இறங்க வெட்டின வாய்க்கால். வேறு யாரும் வெட்டினது இல்லை. நானே வெட்டினது. வலது முழங்கால் போச்சு. பதுளை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டை அவிழ்த்த பிறகும் கால் முழுசாக நீளவில்லை. இன்றைக்கும் மடங்கித்தான் நிற்கும்.

துரை கூப்பிட்டு அனுப்பினார். தோட்டத்து மேனேஜரை நாங்கள் துரை என்போம்.

"மாரிமுத்து, இனி மலை உனக்குச் சரிவராது. லேசான வேலை ஒண்ணு இருக்கு. பழைய பிள்ளைக் காம்பரா சாவியை நீ வச்சிக்க" என்றார்.

பிள்ளைக் காம்பரா என்பது தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம். புதுசு கட்டினதில் பழசு சும்மா கிடந்தது. அதில் பொம்பளைகள் உட்கார்ந்து கம்பளி நூலில் போர்வை பின்னப் போகிறார்கள் என்றார் துரை. கதவைத் திறப்பது, கூட்டுவது, டவுனில் சாமான் வாங்கி வருவது, ஒழுங்காக வேலை நடக்கிறதா என்று பார்ப்பது, இவ்வளவும் என் பொறுப்பு.

முதல் நாள் உள்ளே போனேன். ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரி செல்லம்மாவும் ஒருத்தி. அவள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் காளியம்மா அக்கா. கொழுந்து மலையில் மூத்த ஆள். கையும் பெரிசு, வாயும் பெரிசு.

"வாங்க தம்பி. கத்தியைக் கொண்டாந்தீங்களா? நூலு வெட்டணும்" என்றார்.

பின்னல் சொல்லிக் கொடுக்க ஒரு மிஸ் சனிக்கிழமை தோறும் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். பண்டாரவளையில் டீச்சர். சின்னச் சின்னச் சதுரமாகப் பின்னி, அந்தச் சதுரங்களை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்தால் போர்வை. அந்த மாதிரிப் போர்வைக்கு அஃப்கான் என்று பெயர் சொன்னார். ரேடியோவில் அந்தப் பெயரைச் சண்டை செய்தியில்தான் கேட்டிருந்தேன்.

"மிஸ், சண்டை நடக்கிற எடத்துப் போர்வை நமக்கெதுக்கு?" என்று கேட்டேன்.

"அது வெறும் பேர் அண்ணை. எங்களுக்கு எங்கட சண்டையே போதும்" என்றார்.

இந்த அறைக்குக் கிடைத்த முதல் ஆர்டர் எல்ல என்கிற ஊரிலிருந்து வந்தது. வெள்ளைக்காரர்கள் தங்கிப் போகிற கெஸ்ட் ஹவுஸ். அதை நடத்துகிற அம்மாவை நோனா என்பார்கள். அவர் மாதிரிக்கு ஒரு போர்வை கேட்டிருந்தார். பிடித்தால் எல்லா ரூமுக்கும் வாங்குவார். பிடிக்காவிட்டால் அறை உர ஸ்டோர் ஆகும் என்று துரை முன்கூட்டியே சொல்லிவிட்டார். கணக்கப்பிள்ளை ஒரு நாள் டேப்போடு வந்து, பின்னிக் கொண்டிருந்தவர்களின் தலைக்கு மேலே சுவரை அளந்து பார்த்துவிட்டுப் போனார்.

அறை போனால் மற்றவர்கள் திரும்ப மலைக்குப் போகலாம். செல்லம்மாவுக்கு முடியாது. கொழுந்து கிள்ளிக் கிள்ளி அவளுடைய வலது கைப் பெருவிரல் மூட்டு வீங்கிப் போயிருந்தது. பறித்தால் கூடை பாதிதான் நிறையும். கங்காணி கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வைத்துக் கத்துவார். என்ன கத்தினார் என்று அவள் வீட்டில் சொன்னதில்லை. எனக்குக் கங்காணியின் வாய் தெரியும். அதனால் கேட்டதும் இல்லை. என் கால் ஏற்கனவே போயிருந்தது. அவள் பேரும் செக்ரோல் என்கிற ஆள் பதிவிலிருந்து போனால் எங்கள் லயத்துக் காம்பராவில் அடுப்பு எரிவது கஷ்டம். விஷயம் அவ்வளவுதான்.

2. ஊசிப் பெரட்டு

அதுவரைக்கும் எல்லாரும் குடைக்கம்பியை வளைத்துத்தான் பழகினார்கள். ஆர்டர் வந்ததும் நுனியில் கொக்கி வைத்த சரியான குரோஷே ஊசி வாங்க வேண்டும் என்றார் மிஸ். அது சண்டையில் மூடிக்கிடந்த யாழ்ப்பாணம் ரோடு திறந்த சமயம். பல வருஷமாகப் பார்க்காத அம்மாவைப் பார்க்க ஸ்கூல் லீவில் அவர் கிளம்பினார். போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"எல்லாருக்கும் ஒரே நம்பர் ஊசி வாங்குங்கோ அண்ணை. அஞ்சு மில்லிமீற்றர். அதை மட்டும் மறக்க வேண்டாம்."

நான் மறக்கவில்லை. அது தப்பு என்று முடிவு செய்தேன். மறந்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

என் யோசனை இப்படிப் போனது. மிஸ் படித்தவர், சரி. ஆனால் ஆயுதம் என் விஷயம். கவ்வாத்தில் ஸ்டோரிலிருந்து எல்லாருக்கும் ஒரே கத்தி கொடுப்பார்கள். நெட்டையனுக்கும் அதே கத்தி, குட்டையனுக்கும் அதே கத்தி, இடது கைக்காரனுக்கும் அதே கத்தி. இது என்ன நியாயம் என்று மனசுக்குள் எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். இப்போது கொடுக்கிற இடத்தில் நான் இருக்கிறேன். அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன். அவரவர் கைக்கு ஏற்ற ஊசி. பெரிய கைக்கு மொத்த ஊசி, சின்னக் கைக்கு மெல்லிய ஊசி. செருப்பு வாங்குகிற மாதிரி.

பதுளை பஜாரில் நூல், பட்டன், ஜிப் விற்கிற கடைக்குப் போனேன். முதலாளி ஒரு டின்னைக் கொட்டிக் காட்டினார். லேஸ் பின்னுகிற மெல்லிய இரும்பு ஊசி, கலர் கலராக அலுமினியம், மூங்கில், மெழுகுதிரி மொத்தத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் ஒன்று.

"என்ன பின்றதுக்கு?" என்றார்.

"போர்வை."

"யாரு பின்றது? நீங்களா?"

கடையில் நின்ற இரண்டு பொம்பளைகள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு விவரம் தெரிந்த மாதிரி நடக்க வரும். ஒவ்வொரு ஊசியாக எடுத்தேன். கத்தி பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். நகத்தில் சுண்டிப் பார்த்தேன். ஒன்றைக் கட்டைவிரலில் தேய்த்துக் கூர் கூடப் பார்த்தேன். எல்லா அளவிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் எல்லாரையும் வரிசையாக நிற்கச் சொன்னேன். தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பார்களே, பெரட்டு, அந்த மாதிரி. பிறந்ததிலிருந்து நான் வாங்குகிற பக்கம்தான் நின்றவன். அன்றைக்குத்தான் கொடுக்கிற பக்கம். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பக்கம் நிற்க நல்லாத்தான் இருந்தது.

கையை நீட்டச் சொன்னேன். பார்த்தேன். காளியம்மா அக்காவுக்கு விரல் மொத்தம். மஞ்சள் பிளாஸ்டிக்கைக் கொடுத்தேன். செல்லம்மாவுக்கு விரல் நோவு. பாரம் கூடாது என்று எல்லாவற்றிலும் மெல்லிய இரும்பு ஊசியைக் கொடுத்தேன். மற்றவர்களுக்கு நடுத்தரம்.

"சரியா?" என்று கேட்டேன்.

"சரிங்க" என்றார்கள், ஒரே குரலில்.

அந்தச் "சரிங்க"வை நானும் முப்பது வருஷம் சொன்னவன்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

வேலை நடந்தது. சதுரங்கள் சேர்ந்தன. நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தேன். காலையில் வந்ததும் பொம்பளைகள் ஊசியைக் கொஞ்ச நேரம் அக்குளில் வைத்துக்கொள்வார்கள். யாரும் எடுத்துவிடாமல் இருக்க ஒளிக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்துக் குளிரில் இரும்பும் அலுமினியமும் விடியற்காலைத் தண்ணி மாதிரி இருக்கும், சூடு ஏற்றாமல் பிடித்தால் விரல் மூட்டு விறைத்துப் போகும் என்பது என் புத்தியில் ஓடவில்லை. நான் பிடித்துப் பார்த்ததெல்லாம் பஜார் வெயிலில்.

ஒரு நாள் மஞ்சள் ஊசி வேறொருத்தி கையில் இருந்தது. இன்னொரு நாள் செல்லம்மா கையில் மூங்கில் ஊசி. ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

3. எல்லயில் விரித்தது

சதுரங்களைச் சேர்த்துத் தைக்கும்போது இழுத்து இழுத்துத் தைத்தார்கள். முடிந்ததும் செல்லம்மா என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"விரிச்சா எந்திரிக்குதுங்க."

"கழுவினா படியும்" என்றேன்.

அவள் போய்க் கழுவினாள். காய்ந்த பிறகு மடித்துக் கொடுத்தாள். மடித்துப் பார்த்தால் அருமையான போர்வை. நானும் மடித்துத்தான் பார்த்தேன்.

தெமோதரையில் ரயில் ஏறி எல்லயில் இறங்கினேன். மடியில் மூட்டை. எதிரில் உட்கார்ந்தவருக்கு, கேட்காமலே, இது வெளிநாட்டுக்காரர்களுக்குப் போகிற சாமான் என்று சொன்னேன்.

நோனா சிங்களத்தவர். மரியாதையான மனுஷி. ரூமுக்குக் கூட்டிப் போய்க் கட்டிலில் விரிக்கச் சொன்னார். விரித்தேன். நடுவில் ஒரு மேடு நின்றது. அதைக் கையால் அழுத்தினேன். தலைமாட்டில் ஒன்று எழுந்தது. அதை அழுத்தினேன். கால்மாட்டுக்குப் போனது. செடி நட்ட பிறகு மண்ணை மிதித்து இறுக்குவோமே, அந்த மாதிரி இரண்டு கையாலும் அமுக்கினேன். மேடு திரும்பவும் நடுவுக்கே வந்து நின்றது. ஓரங்கள் பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தன.

நோனா மேட்டைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார்.

"உள்ளே ஏற்கனவே யாராவது படுத்திருக்கிறார்களா?"

ரூம் துடைக்கிற ஆள் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டான். நோனா கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. நிறம் நன்றாக இருக்கிறது என்றார். வெசாக் பண்டிகை முடிந்து சீசன் ஆட்கள் வருவதற்குள் தட்டையாக ஒன்று கொண்டு வரச் சொன்னார். இல்லாவிட்டால் வர வேண்டாம், கொழும்பில் வாங்கிக்கொள்வேன் என்றார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

திரும்பும்போது ரயிலில் மூட்டையைச் சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

மறுநாள் அறையில் போர்வையை நடுவில் போட்டு, யார் தப்பாகப் பின்னினது என்று கேட்டேன். கணக்கப்பிள்ளை கேட்கிற அதே குரல். செல்லம்மா பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் காளியம்மா அக்காதான் வாயைத் திறந்தார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. அந்த மஞ்ச ஊசியப் புடிச்சா எனக்கு உலக்கை புடிச்ச மாதிரி இருக்கு. ஒங்க தலை மறைஞ்சதும் மாத்திக்குவோம். ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொருத்தி கையில ஒவ்வொண்ணு."

"அப்ப ஏன் சரிங்கன்னு சொன்னீங்க?"

"குடுத்தத வாங்கித்தானே பழக்கம். வேற கேக்கலாம்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றார்.

ஸ்டோரில் கொடுத்த கத்தியை நான் ஒரு நாளாவது திருப்பிக் கொடுத்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன்.

4. தகரத்து ஓட்டை

அந்த வாரமே மிஸ் திரும்பி வந்தார். அம்மாவைப் பார்த்துவிட்ட முகம். எல்லாருக்கும் பனங்கட்டி கொடுத்தார். பிறகு போர்வையை விரித்தார். மேட்டைப் பார்த்தார். சிரித்து முடிய நேரமாச்சு. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒரே நம்பர் எண்டெல்லோ சொன்னனான், அண்ணை?"

"சொன்னீங்க மிஸ். அது அநியாயம்னு நெனச்சுட்டேன்."

மிஸ் மிஞ்சிக் கிடந்த சதுரங்களில் இரண்டை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்தார். இரண்டிலும் சுற்று ஒரே கணக்கு, நூலும் ஒரே நூல். மஞ்சள் ஊசியில் பின்னினது தட்டு அளவு. இரும்பு ஊசியில் பின்னினது தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற சாசர் அளவு.

"ஊசியின்ர தலை மொத்தமெண்டால் கண்ணி பெரிசாய் விழும். மெல்லிசெண்டால் சின்னனாய் விழும். தட்டையும் சாசரையும் சேர்த்துத் தைச்சால் மேடு வராமல் என்ன செய்யும்?" என்றார்.

விளங்கியது. கவ்வாத்தில் ஒரு செடியை முழங்கால் உயரத்திலும் பக்கத்துச் செடியை இடுப்பு உயரத்திலும் வெட்டினால் மலை என்ன ஆகும்? அதைத்தான் நான் கட்டிலில் செய்திருக்கிறேன்.

ஆனால் பதுளையில் ஒரே அளவில் அத்தனை ஊசி ஒரு கடையில் கிடைக்காது. பாதி ஊசியில் நம்பரும் இருக்காது. ஃபேக்டரி ஃபிட்டரிடம் போய், மிஸ் கொடுத்த அஞ்சு மில்லிமீற்றர் ஊசியைக் காட்டி, ஒரு தகரத் துண்டில் அந்த அளவுக்கு ஓட்டை போட்டு வாங்கினேன். ஊசியின் தண்டு ஓட்டையில் ஆடாமலும் இறுகாமலும் போனால் அது நம் ஊசி. ஆடினால் வேண்டாம், நுழையாவிட்டாலும் வேண்டாம். கடை கடையாக ஏறினேன். பழைய முதலாளி என்னைக் கண்டதும் டின்னை எடுத்து வைத்தார்.

"இன்னைக்கு ஓட்டையோட வந்திருக்கீங்க" என்றார்.

பதுளையில் பாதி, பண்டாரவளையில் பாதி. எல்லாம் அலுமினியம், எல்லாம் ஒரே தலை. பெரட்டு வைக்கவில்லை. பாயில் வைத்துவிட்டு, எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

சதுரங்கள் ஒரே அளவில் வந்தன. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் சுவர் மாதிரி நின்றது. நான் அடிக்கடி அடுக்கிப் பார்த்தேன். அடுக்குவதற்கென்றே வந்த ஆள் என்று காளியம்மா அக்கா சொன்னார்.

சதுரத்தை எண்ணித்தான் கூலி. செல்லம்மாவின் அடுக்கு மட்டும் முதலில் குட்டையாக இருந்தது. பிறகு மற்றவர்கள் அளவுக்கு வந்தது. எனக்கு நிம்மதி. அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. அவள் கொஞ்ச நேரம் பின்னுவாள், ஊசியை வைப்பாள், கையைச் சேலைத் தலைப்புக்குள் விட்டுப் பெருவிரலைத் தேய்ப்பாள். அப்படித் தேய்க்கிற கை எப்படி இத்தனை சதுரம் பின்னும்? காளியம்மா அக்கா தன் சதுரத்தை நைசாக அவள் அடுக்கில் போட்டுக்கொண்டிருந்தார். மலையில் முடியாதவள் கூடைக்குப் பக்கத்து நிரைக்காரி ஒரு பிடி கொழுந்து போட்டுவிட்டுப் போவாள். அதே வேலை.

நான் பார்த்ததை அக்காவும் பார்த்துவிட்டார்.

"எத்தனை நாளைக்குப் போட முடியும்னு தெரியல தம்பி" என்றார்.

அறை தப்பினாலும் செல்லம்மா தப்பவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

5. ரொட்டி மா

தலையை மாற்ற முடியாது. பிடியை மாற்றலாம். கத்திக்குப் பிடி போட எனக்குத் தெரியும். வாலை நெருப்பில் பழுக்க வைத்து மரக்கட்டையில் ஒரே ஏற்று. ஆயுசுக்கும் கழலாது. ஊசியின் வாலையும் அடுப்பில் வைத்தேன். கத்தி இரும்பு, ஊசி அலுமினியம் என்கிற ஒரு சின்ன வித்தியாசம். எடுத்துப் பார்த்தால் வால் மண்புழு மாதிரி தொங்கியது.

செல்லம்மா எட்டிப் பார்த்தாள்.

"உப்புப் போட்டீங்களா?" என்றாள்.

அடுத்து, சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இன்னொரு ஊசியின் தண்டில் சுற்றினேன். சுற்றிச் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். கவ்வாத்துக் கத்தி மாதிரி உள்ளங்கை நிறைய வந்ததும் நிறுத்தினேன். என் கைக்கு அவ்வளவு வசதி. அவளிடம் கொடுத்தேன். பிடித்துப் பார்த்தாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

அது பெரட்டுச் "சரிங்க"வின் தங்கச்சி. இந்தத் தடவை பிடித்துக்கொண்டேன்.

"எங்க வலிக்குது?" என்று கேட்டேன்.

அவள் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் நான் கேட்காத கேள்வி அது என்பது அந்தப் பார்வையில்தான் எனக்கே தெரிந்தது.

"நீங்க சுத்திச் சுத்திப் புடிச்சுப் பாத்தது ஒங்க கையி. என் கையி இப்படி" என்றாள்.

ஒரு உருண்டை மாவை எடுத்து, ஊசி பிடிக்கிற மாதிரி ஒரே பிடி பிடித்து என்னிடம் நீட்டினாள்.

அடுப்பு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். விரல்கள் அச்சாக விழுந்திருந்தன. நான் பிடித்தால் கத்திப் பிடி. மிஸ் பிடித்தால் பேனாப் பிடி. இது இரண்டும் இல்லை. பெருவிரல் மடங்கவே இல்லை. நீட்டி, தட்டையாக, மேலே படுத்திருந்தது. மடக்கினால் வலிக்கிறது, அதனால் படுக்க வைத்திருக்கிறாள். பாரம் முழுசையும் நடுவிரல் பக்கம் தாங்கியிருந்தது. மெல்லிய தண்டில் அப்படிப் படுக்க இடமே இல்லை. ஊசி உருண்டுவிடும். உருளாமல் இருக்க இறுக்க வேண்டும். இறுக்கினால் வலி. நான் முதலில் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்த மெல்லிய இரும்பு ஊசியில் அது இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

"குடுங்க, ரொட்டி சுடணும்" என்றாள்.

"இது வேணும்" என்றேன். அன்றைக்கு எனக்கு ஒரு ரொட்டி குறைச்சல்.

உருண்டையை அடுப்புக்கு மேலே காய வைத்தேன். கொய்யாக் கிளை ஒன்றை எடுத்து அதைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினேன். பெருவிரல் படுக்க நீளமாக ஒரு தட்டை. நடுவிரலுக்கு ஒரு பள்ளம். வால் உள்ளங்கைக்குள் போய்ச் சாய்கிற நீளம். உள்ளே துளை போட்டு, நெருப்புப் பக்கமே போகாமல், பசை வைத்து ஊசியை ஏற்றினேன். கண்ணாடித் துண்டால் வழித்துத் தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். மரம் என்பதால் காலையில் அக்குளில் வைக்கவும் தேவையில்லை.

மறுநாள் கொடுத்தேன்.

"நல்லாருக்கு" என்றாள்.

நம்பவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அவள் சேலைத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணித் தேத்தண்ணி வரைக்கும் கை உள்ளே போகவில்லை. தேத்தண்ணிக்குப் பிறகும் போகவில்லை. காளியம்மா அக்கா பழக்க தோஷத்தில் ஒரு சதுரத்தை அந்த அடுக்கில் போடப் போனார். செல்லம்மா அதை எடுத்து அவர் மடியிலேயே திரும்ப வைத்தாள்.

அப்போது நம்பினேன்.

அடுத்த நாள் எல்லாரும் சேலைத் தலைப்பில் மா உருண்டை முடிந்துகொண்டு வந்தார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகத்தான் கொண்டு வந்தார்கள். பெரட்டில் கொடுத்ததை வாங்கிய அதே ஆட்கள், "எனக்குச் சுண்டுவிரல் முட்டுது", "வால் நீளம், குறைங்க" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். காளியம்மா அக்காவின் உருண்டைதான் பெரிசு.

"பாத்துச் செதுக்குங்க தம்பி, அதுல ரெண்டு ரொட்டி வரும்" என்றார்.

வெசாக்குக்குத் தொங்கவிட்ட காகிதக் கூடுகளை இறக்கின மறுவாரம் போர்வையோடு எல்லக்குப் போனேன். ரயிலில் யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை. நோனா தானே விரித்தார். நான் சுவர் ஓரம் நின்றேன். அவர் கையால் ஒரு தரம் தடவினார். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் கை எங்கேயும் ஏறி இறங்கவில்லை.

"இன்றைக்கு உள்ளே யாரும் இல்லை" என்றார் சிங்களத்தில்.

எல்லா ரூமுக்கும் சொன்னார். உர மூட்டைக்குக் கணக்கப்பிள்ளை வேறு சுவரை அளந்துகொண்டார். செல்லம்மா அந்த அறையில் பல வருஷம் பின்னினாள்.

6. இவ்வளவுதான்

ஊசி வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு போர்வையை எத்தனை பேர் பின்னினாலும் ஊசித் தலை ஒரே அளவாக இருக்க வேண்டும். நம்பரை நம்பாதீர்கள், ஓட்டையில் விட்டுப் பாருங்கள். பிடி மட்டும் அவரவர் கைக்கு. மெல்லிய பிடி லேசாகத் தெரியும், ஆனால் இறுக்கிப் பிடிக்க வைக்கும். பெருவிரல் சாய ஒரு தட்டை கட்டாயம் இருக்க வேண்டும். குளிர் பக்கத்து ஆட்களுக்கு மரப்பிடி நல்லது. அலுமினியத்தைச் சமைக்க வேண்டாம். கடையில் ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், ஒரு சதுரம் முழுக்கப் பின்னிப் பாருங்கள். அடுத்தவருக்கு வாங்கினால் நல்லாருக்கா என்று கேட்காதீர்கள், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் கையைப் பாருங்கள்.

மேடு விழுந்த போர்வையை யாரும் வாங்கவில்லை. அவிழ்த்து நூலை எடுத்துக்கொள்ளலாம் என்றாள் செல்லம்மா. இருக்கட்டும் என்று நான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். என் முழங்கால் நீளாது என்று முதலிலேயே எழுதினேன். மல்லாந்து படுத்தால் அது கூடாரக் கம்பு மாதிரி நிற்கும். வேறு எந்தப் போர்வை போர்த்தினாலும் அந்த இடத்தில் தூக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் காற்று போகும். இந்தப் போர்வையில் மேடு சரியாக முழங்காலுக்கு மேலே வந்து உட்காரும். சுற்றி எல்லாம் படிந்துவிடும்.

"அளவெடுத்துப் பின்னின மாதிரி இருக்கு" என்றாள் செல்லம்மா.

அந்த அளவை எடுத்தவன் நான்தான். இன்றைக்கும் அதைத்தான் போர்த்திக்கொள்கிறேன்.